அண்ணல் சேர்த்த பழைய புத்தகங்கள்

(ஓவேலியிலிருந்து வரும் இரண்டாம் ஆண்டு பி.எஸ்சி. வேதியியல் மாணவன்)

உதகையில் விடுதியில் தங்கிப் படிக்கத் தொடங்கிய முதல் மாதத்திலேயே பழைய தாள் கடை ஒன்றைக் கண்டுகொண்டேன். எடைக்கு வாங்கி எடைக்கு விற்கும் கடை அது. செய்தித்தாள் கட்டுகளுக்கும் அட்டைப் பெட்டிகளுக்கும் நடுவே கனமான ஆங்கிலப் புத்தகங்கள் சில கிடக்கும். குன்னூரிலும் வெலிங்டனிலும் குடியிருந்த ஓய்வு பெற்ற படை அதிகாரிகள் வீட்டைக் காலி செய்யும்போது வந்து சேர்பவை அவை என்று கடைக்காரர் சொன்னார். வெலிங்டனில் 1947 முதல் முப்படை அதிகாரிகளுக்கான கல்லூரி இயங்கி வருவதை நாம் அறிவோம். ஆகவே அப்புத்தகங்களில் பாதி போர்களைப் பற்றியவை. மீதி, நாடுகள் தமக்குள் செய்துகொண்ட உடன்படிக்கைகளைப் பற்றியவை. ஒரு வேளைச் சிற்றுண்டிக்கு ஆகும் பணத்தில் ஒரு புத்தகம் வாங்கிவிடலாம்.

வேதியியல் படிக்கும் எனக்குப் போரும் உடன்படிக்கையும் எதற்கு? நண்பர்கள் கேட்டார்கள். என் அப்பா கேட்டார். இக்கட்டுரை அவர்களுக்கு நான் சொல்லும் விடைதான். ஆனால் விடை என்னுடையதன்று. அண்ணல் அம்பேத்கரின் வாழ்க்கையிலிருந்து எனக்குக் கிடைத்தது.

என் அப்பாயி பிறந்தது இலங்கையில், பதுளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில். 1973-இல், மூன்று வயதான என் அப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு, தலைமன்னாரில் கப்பலேறி இராமேசுவரத்தில் இறங்கினார். மண்டபம் முகாமில் சில நாள், பிறகு நீலகிரி, கடைசியில் ஓவேலி. ஏன் வந்தீர்கள் என்று சிறுவயதில் கேட்டபோது, அனுப்பினார்கள், வந்தோம் என்று மட்டுமே சொல்வார். யார் அனுப்பினார்கள், எதற்காக அனுப்பினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அவருடைய தகரப் பெட்டியில் ஒரு குடும்ப அட்டை இருக்கிறது. அதில் உள்ள எழுத்தை அவர் ஒரு நாளும் படித்ததில்லை. படிக்கத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஆகவே அந்த எதற்கு என்ற கேள்விக்கு விடை தேடும் கடமை என்மேல் விழுந்ததாக எண்ணிக்கொண்டேன். ஒரு புத்தகம் இரண்டாயிற்று, இரண்டு பத்தாயிற்று. முதலாண்டு முடிவதற்குள் 52 புத்தகங்கள் சேர்ந்துவிட்டன. கோடை விடுமுறையில் அவற்றைச் சாக்கில் கட்டி, கூடலூர்ப் பேருந்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன். லைன் வீட்டில் அடுக்க இடமில்லை. கட்டிலுக்கடியில் வைத்தேன்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். விடுதியில் என்னைச் சேர்ப்பதற்காக என் அக்காவின் தோடு அடகுக்குப் போயிருந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திக்கொண்டு கொழுந்து பறிக்கப் போகிறவர் என் அக்கா. அந்தத் தோடு மீளாத நிலையில்தான் நான் பழைய புத்தகம் வாங்கிக்கொண்டிருந்தேன்.

சூலை மாதம் வந்தது. ஓவேலியின் தென்மேற்குப் பருவமழையை அறியாதவர்கள் அதை ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். இரவும் பகலும் ஓயாது. கூரையின் ஒரு மூலை ஒழுகி, தண்ணீர் கட்டிலுக்கடியில் தேங்கிவிட்டது. சனிக்கிழமை நான் வீடு வந்து பார்த்தபோது 37 புத்தகங்கள் ஊறிப்போய்க் கிடந்தன. பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. எஞ்சிய பதினைந்தையும் எடைக்குப் போட்டுவிட்டு, வந்த காசைத் தோட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அந்த ஞாயிறன்றே உதகை திரும்பிவிட்டேன். மனம் கசந்திருந்தது. புத்தகம் சேர்ப்பது வசதி படைத்தவர்களுக்கு உரியது. நமக்கேன் அந்த ஆசை என்று என்னையே நொந்துகொண்டேன்.

இதைக் கேள்விப்பட்ட தமிழ்த்துறைப் பேராசிரியர் ஒருவர் நூலகத்திலிருந்து அண்ணலின் வாழ்க்கை வரலாற்றை எடுத்துத் தந்தார். அறிவுரை எதுவும் கூறவில்லை. படித்துவிட்டு வா என்றார், அவ்வளவே.

தந்தை பட்ட கடன்

சட்ட மேதை, அரசியல் சாசனச் சிற்பி, ஒடுக்கப்பட்டோரின் தலைவர் என்றெல்லாம் அண்ணலை நாம் அறிவோம். ஆனால் அவர் ஒரு படைவீரரின் மகன் என்பதை நினைத்துப் பார்ப்பவர் குறைவு. 1891 ஏப்ரல் 14-ஆம் நாள் அவர் பிறந்த மோவ் என்ற ஊரே ஒரு படை முகாம். தந்தை இராம்ஜி சக்பால், சுபேதார் மேஜர் தகுதியில் இருந்தவர். படைப் பள்ளியில் தலைமை ஆசிரியராகப் பணியாற்றியவர். தாய் பீமாபாயின் குடும்பமும் படைக் குடும்பமே. பிள்ளைகள் பதினால்வரில் பீமராவ் கடைசிப் பிள்ளை.

மகர் இன மக்கள் கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் தலைமுறை தலைமுறையாகப் போரிட்டவர்கள். 1818 சனவரி முதல் நாள் பீமா ஆற்றங்கரையில் கோரேகான் என்னுமிடத்தில் பேஷ்வாவின் பெரும்படையைக் கம்பெனியின் சிறு படை எதிர்த்து நின்றது. அங்கே நிற்கும் நினைவுத் தூணில் உயிர் நீத்த மகர் வீரர்களின் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. ஆயினும் 1890-களில் நிலைமை மாறியது. இந்தியப் படைகளின் தலைமைத் தளபதியாக 1885 முதல் 1893 வரை இருந்த இராபர்ட்ஸ் பிரபு போன்றோர், சில இனத்தாரே போருக்குரியவர் என்ற கொள்கையைப் பரப்பினர். மகர்களுக்குப் படையின் கதவு மூடப்பட்டது. அதே கொள்கை நம் சென்னைப் படையிலும் தமிழ், தெலுங்கு வீரர்களின் எண்ணிக்கையைக் குறைத்தது. எங்கோ ஒரு மேசையில் எடுத்த முடிவு, ஆயிரக்கணக்கான குடும்பங்களின் சோற்றையும் கல்வியையும் பறித்தது.

பணி ஓய்வு பெற்ற இராம்ஜி பின்னர்ப் பம்பாய் வந்து, பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர் வாழும் குடியிருப்பில் ஒற்றை அறை ஒன்றில் குடும்பம் நடத்தினார். சமைப்பதும் படுப்பதும் படிப்பதும் அதே அறையில்தான். மகனை மாலையிலேயே தூங்க வைத்துவிட்டு, பின்னிரவு இரண்டு மணிக்கு எழுப்பிப் படிக்கச் செய்வார். பாடப் புத்தகங்களோடு நிற்காமல் மகன் கேட்ட வேறு புத்தகங்களையும் வாங்கித் தருவார். ஓய்வூதியம் போதாத மாதங்களில், மணமாகிச் சென்ற மகள்களிடம் போய்க் கடன் கேட்பார். கைப்பணம் இல்லையென்றால் மகளின் நகையை வாங்கி அடகு வைத்துப் புத்தகம் வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் நகையை மீட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

இந்த இடத்தைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றிரவு மேற்கொண்டு படிக்க முடியவில்லை.

நியூயார்க்கின் பழைய கடைகள்

1907-இல் மெட்ரிகுலேசன் தேர்வு. 1912-இல் எல்பின்ஸ்டன் கல்லூரிப் படிப்பை முடித்துப் பட்டம். 1913 பிப்ரவரியில் தந்தையார் மறைந்தார். அதே ஆண்டு சூலையில், பரோடா மன்னர் சாயாஜிராவ் கெய்க்வாட் அளித்த உதவித்தொகையோடு, இருபத்திரண்டு வயது பீமராவ் நியூயார்க் சென்று கொலம்பியா பல்கலைக் கழகத்தில் சேர்ந்தார். மாதம் பதினொன்றரைப் பவுன் உதவி. அதில் உணவும் உறைவிடமும் போக, ஊரில் இருந்த குடும்பத்துக்கும் அனுப்ப வேண்டும்.

அங்கே அவர் படித்த பாடங்களின் கணக்கைப் பாருங்கள். பொருளாதாரத்தில் 29, வரலாற்றில் 11, சமூகவியலில் 6, மேலும் தத்துவம், மானிடவியல், அரசியல். பட்டத்துக்குத் தேவையானதைவிட மிக அதிகம். அவருக்குக் கற்பித்த பொருளாதாரப் பேராசிரியர் எட்வின் செலிக்மன் உலகறிந்த நூல் சேகரிப்பாளர். பொருளாதாரத் துறையில் அவர் திரட்டிய பெரும் நூல்தொகுதியைப் பின்னர்க் கொலம்பியா பல்கலைக் கழகமே வாங்கிக்கொண்டது. ஆசிரியருக்குப் பணம் இருந்தது, சேர்த்தார். மாணவருக்குப் பணமில்லை. ஆயினும் சேர்த்தார். எப்படி? பழைய புத்தகக் கடைகளில்தான்! உணவுச் செலவைக் குறைத்து மிச்சம் பிடித்து, மூன்றாண்டுகளில் ஏறத்தாழ 2,000 பழைய நூல்களை வாங்கிவிட்டார்.

1915-இல் எம்.ஏ. பட்டத்துக்காக எழுதிய ஆய்வில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி முறையையும் நிதி நிலையையும் ஆராய்ந்தார். கம்பெனி நடத்திய போர்களின் செலவு கடனாகி, அக்கடன் முடிவில் இந்திய மக்களின் தலையிலேயே ஏறியது. கம்பெனிக்காகப் போரிட்ட வீரரின் மகன், அந்தப் போர்களின் கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார் என்பதை எண்ணிப் பாருங்கள். வாள் பிடித்த கைகள் பல தலைமுறை. கணக்குக் கேட்ட கை இதுவே முதல்!

கடல் கொண்டவை

1916-இல் நியூயார்க்கிலிருந்து இலண்டன் சென்று, பொருளாதாரப் பள்ளியிலும் கிரேஸ் இன் சட்ட நிறுவனத்திலும் சேர்ந்தார். அமெரிக்காவில் வாங்கிய நூல்களை இந்தியாவுக்குக் கொண்டுவரும்படி ஒரு நண்பரிடம் ஒப்படைத்தார். அவற்றில் பல வந்து சேரவே இல்லை. இது முதல் இழப்பு.

1917-இல் உதவித்தொகையின் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டு நாடு திரும்ப வேண்டியதாயிற்று. அப்போது முதல் உலகப் போர் உச்சத்தில் இருந்தது. செர்மனியின் நீர்மூழ்கிக் கப்பல்கள் கடல்வழியெங்கும் வேட்டையாடிக்கொண்டிருந்தன. தம் பெட்டிகளையும் நூல்களையும் காப்பீடு செய்து சரக்காக ஒரு கப்பலில் அனுப்பிவிட்டு, அவர் தரைவழியே பிரான்சு நாட்டின் மார்சேல்சு துறைமுகம் சென்று கெய்சர்-இ-ஹிந்து என்னும் கப்பலில் ஏறினார். கப்பல் ஒன்று தாக்குண்டு மூழ்கியது என்ற செய்தி பம்பாய்க்கு எட்டியபோது வீட்டார் துடித்துப்போயினர். அவர் உயிரோடு கொழும்பில் வந்து இறங்கினார். ஆகஸ்டு 21-இல் பம்பாய் சேர்ந்தார். மூழ்கியது அவருடைய பெட்டிகள் இருந்த கப்பல்.

புத்தகங்கள் கடலடிக்குப் போயின. யாருடைய சண்டை அது? ஐரோப்பிய வல்லரசுகளின் சண்டை. அதைத் தொடங்குமுன் எவரும் பரேல் குடியிருப்பில் வந்து கருத்துக் கேட்கவில்லை. ஆனால் பரேலிலிருந்து சென்ற மாணவரின் நூல்கள் அதற்குப் பலியாயின. போரைப் பற்றி நாம் படிக்காமல் இருந்துவிடலாம். போர் நம்மை விட்டுவிடாது என்பதை இந்த ஒரு நிகழ்ச்சியே எனக்கு உணர்த்தியது.

இழப்பீடாக 600 ரூபாய் கிடைத்தது. அதில் ஒரு பகுதியை மனைவி இரமாபாயிடம் வீட்டுச் செலவுக்குக் கொடுத்துவிட்டு, மீதியை வழிச்செலவாக வைத்துக்கொண்டு பரோடா புறப்பட்டார். உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடா அரசில் பணியாற்றுவதாக அவர் ஒப்பந்தம் செய்திருந்தார். அங்கே அவருக்குத் தரப்பட்ட பதவி எது தெரியுமா? மன்னரின் படைத்துறைச் செயலாளர் பதவி!

கொலம்பியாவிலும் இலண்டனிலும் பயின்ற அந்தச் செயலாளருக்கு, அலுவலக ஏவலர்கள் கோப்புகளைத் தொலைவில் நின்று மேசைமேல் எறிந்தனர். குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. தங்க இடம் கிடைக்கவில்லை. தம்மை யாரென்று மறைத்து, பார்சியருக்கான விடுதி ஒன்றின் மாடியில் தங்கினார். வேறு ஆளே இல்லாத பெரிய கூடம், மின்விளக்கு கிடையாது, சிறு அரிக்கேன் விளக்கு, தலைக்குமேல் வௌவால்கள். அந்தத் தனிமையை மறப்பதற்கு அவர் நாடியது படிப்பைத்தான். பதினோராம் நாள் காலையில், தடிகளோடு வந்த பார்சியர் கூட்டம் ஒன்று மாலைக்குள் வெளியேறும்படி மிரட்டியது. நண்பர் இருவரை அணுகினார். இருவருமே இடம் தர இயலாத நிலையில் இருந்தனர். ஒரு பூங்காவில் பொழுதைக் கழித்து, இரவு இரயிலில் பம்பாய்க்குத் திரும்பினார்.

மீண்டும் முதலிலிருந்து

இந்த இடத்தில்தான் நான் என்னை அண்ணலோடு ஒப்பிட்டு வெட்கப்பட்டேன். 37 புத்தகங்கள் நனைந்ததற்கே எஞ்சியதை எடைக்குப் போடச் சொன்னவன் நான். நண்பரிடம் கொடுத்தது போயிற்று, கப்பலில் அனுப்பியது போயிற்று, வேலை போயிற்று, இருக்க இடம்கூடப் போயிற்று. அவர் என்ன செய்தார்?

தனிப்பாடம் சொல்லிக்கொடுத்தார். 1918-இல் பம்பாயின் சிடனாம் கல்லூரியில் பேராசிரியரானார். சம்பளத்தில் சேமித்தார். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் உதவினார். கொலம்பியாவில் உடன் தங்கிப் படித்த நவல் பதேனா என்ற நண்பர் 5,000 ரூபாய் கடன் தந்தார். அந்த நண்பர் ஒரு பார்சியர் என்பது குறிப்பிடத்தக்கது. தடியெடுத்தவர்களும் அச்சமூகத்தார், தோள் கொடுத்தவரும் அச்சமூகத்தார். அண்ணல் இரண்டையும் மறக்கவில்லை.

1920 சூலையில் மீண்டும் இலண்டன். பிரிட்டிஷ் அருங்காட்சியக நூலகத்தில் காலையில் நுழைந்தால் மூடும் வரையில் எழமாட்டார். பகலுணவு பெரும்பாலும் கிடையாது. இரவில் அறைக்குத் திரும்பியபின் ஊரிலிருந்து வந்த அப்பளத்தைச் சுட்டுத் தின்றுவிட்டு, மறுபடியும் படிப்பு. பல மாலைகளில் கால்கள் தாமாகவே பழைய புத்தகக் கடைகளை நோக்கி நடந்தன. 1921-இல் எம்.எஸ்சி., 1923-இல் டி.எஸ்சி., இடையில் பாரிஸ்டர் தகுதி. ரூபாயின் சிக்கலைப் பற்றிய அவருடைய ஆய்வு 1923-இல் இலண்டனில் நூலாக வெளிவந்தது. மூழ்கிய இடத்திலிருந்து மீண்டும் முத்தெடுத்தார்!

1930-களின் தொடக்கத்தில் பம்பாய் தாதர் பகுதியில் தமக்கென ஒரு வீடு கட்டினார். புத்தர் காலத்துத் தலைநகரின் பெயரால் இராசகிருகம் என்று அதற்குப் பெயரிட்டார். வீட்டைக் கட்டும்போதே நூல்களுக்கு இடம் ஒதுக்கிக் கட்டினார். நூல்களின் எண்ணிக்கை பல்லாயிரமாகப் பெருகியது. மனிதர் குடியிருக்க வீடு கட்டுவோர் உண்டு. புத்தகம் குடியிருக்க வீடு கட்டியவர் அவர்.

படித்ததன் பயன்

சேர்ப்பதும் படிப்பதும் ஒரு மனிதரின் சொந்த இன்பம் மட்டும் என்றால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை. அண்ணல் படித்தது எங்கெங்கே பயன்பட்டது என்று பாருங்கள்.

1927 சனவரி முதல் நாள் அவர் கோரேகான் தூணுக்குச் சென்றார். மறக்கப்பட்டிருந்த ஒரு போரின் வரலாற்றைத் தம் மக்களுக்கு நினைவூட்டினார். நீங்கள் போருக்குத் தகுதியற்றவர்கள் என்று அரசு சொன்னது. தகுதி உண்டு என்பதற்கு அரசே எழுப்பிய தூண் சான்றாக நின்றது. வரலாறு தெரிந்தவர் ஒருவர் இருந்ததால்தான் அந்தக் கல் பேசியது.

முதல் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது மகர்களைப் படையில் சேர்த்த அரசு, போர் முடிந்தபின் அப்படைப் பிரிவைக் கலைத்துவிட்டது. 1941 சூலையில், வைசிராயின் பாதுகாப்பு ஆலோசனைக் குழுவில் அண்ணல் இடம்பெற்றார். மகர் படைப்பிரிவு வேண்டும் என்று தொடர்ந்து வலியுறுத்தினார். அதே ஆண்டு அக்டோபரில் பெல்காமில் மகர் படைப்பிரிவு தொடங்கப்பட்டது. தந்தையின் தலைமுறைக்கு மூடப்பட்ட கதவை மகன் திறந்தார். இன்றும் இந்தியப் படையில் அப்பிரிவு உண்டு.

1940-இல் அவர் வெளியிட்ட பாகிஸ்தான் பற்றிய நூலைப் பலரும் அரசியல் நூல் என்றே எண்ணுவர். அதில் நாட்டின் பாதுகாப்புக்கென்றே ஓர் இயல் உண்டு. எல்லை எங்கே அமைய வேண்டும், நாட்டின் வளம் எவ்வளவு, படையில் எந்தப் பகுதியார் எத்தனை விழுக்காடு, ஆண்டுக்கு ஆண்டு அது எவ்வாறு மாறியது என்று அட்டவணை போட்டு ஆராய்கிறார். சைமன் குழுவின் அறிக்கைகளையும் பிற ஆவணங்களையும் அலசாமல் அதை எழுதியிருக்க முடியாது.

விடுதலைக்குப் பின் சட்ட அமைச்சராக இருந்து, இந்துச் சட்டத் தொகுப்பு உள்ளிட்ட காரணங்களுக்காக 1951 செப்டம்பர் 27-இல் பதவி விலகினார். அந்தக் காரணங்களில் ஒன்று வெளியுறவுக் கொள்கை. நாட்டின் ஆண்டு வருவாய் 350 கோடி ரூபாய். அதில் 180 கோடி படைக்குப் போகிறது. நட்பு நாடுகளைத் தேடிக்கொள்ளாததன் விலை இது என்று கணக்கோடு எடுத்துரைத்தார். 1954 ஆகஸ்டில் மாநிலங்களவையில் வெளியுறவு பற்றிப் பேசியபோது, திபெத்தின்மேல் சீனாவின் உரிமையை ஏற்றுக்கொண்டதால் சீன எல்லை நம் வாசலுக்கே வந்துவிட்டது என்று எச்சரித்தார். எட்டாண்டுகளுக்குப் பின், 1962 அக்டோபரில், எல்லையில் போர் மூண்டது. அவருடைய வெளியுறவுக் கருத்துகள் அனைத்தையும் எல்லோரும் ஏற்க வேண்டும் என்பதில்லை. அன்றும் இன்றும் மறுப்போர் உண்டு. ஆனால் அவர் உணர்ச்சியை மட்டும் நம்பிப் பேசவில்லை; எண்ணையும் வரலாற்றையும் வைத்துப் பேசினார் என்பதை மறுப்பவர் இல்லை.

1945-இல் மக்கள் கல்விக் கழகத்தைத் தொடங்கி, 1946-இல் பம்பாயில் சித்தார்த்தா கல்லூரியையும், 1950-இல் அவுரங்காபாத்தில் மற்றொரு கல்லூரியையும் நிறுவினார். உயிர்போல் காத்த நூல்களில் பெரும்பகுதி கல்லூரி நூலகத்துக்கே போய்ச் சேர்ந்தது. நண்பருக்குக்கூட இரவல் தர மனம் வராத அந்தப் புத்தகப் பித்தர், மாணவர்களுக்கென்றால் மறுக்கவில்லை. 1956 டிசம்பர் 6-ஆம் நாள் தில்லியில் மறைந்தார். அதற்கு முந்திய இரவும், புத்தரைப் பற்றிய தம் நூலின் முன்னுரையைத் திருத்துவதற்காகத் தாள்களை அருகில் வைத்துக்கொண்டுதான் படுக்கைக்குச் சென்றார்.

அப்பாயியின் கேள்வி

வரலாற்றைப் படித்து முடித்த வார இறுதியில் ஓவேலிக்குப் போனேன். எடைக்குப் போட்டிருப்பார்கள் என்ற நினைப்போடு வீட்டுக்குள் நுழைந்தவனுக்கு ஒரு வியப்புக் காத்திருந்தது. அடுப்புக்கு மேலே விறகு உலர்த்தும் பரணில் என் புத்தகங்கள் வரிசையாக விரித்து வைக்கப்பட்டிருந்தன. கொழுந்து நிறுத்துவிட்டு வந்த ஒவ்வொரு மாலையும், அக்கா பக்கம் பக்கமாகப் பிரித்து உலர்த்தியிருக்கிறார். முப்பத்தேழில் இருபத்தொன்பது தப்பிவிட்டன. பக்கங்கள் உப்பியிருந்தன; புகை மணம் ஏறியிருந்தது; ஆனால் எழுத்து அழியவில்லை. மரக்கூழ்த் தாளில் உள்ள அமிலமே காலப்போக்கில் அதை அரித்துப் பழுப்பாக்கும் என்று நாம் வகுப்பில் படித்திருக்கிறோம். அந்த அமிலத்தையும் ஓவேலி மழையையும் தாண்டி அவை நிற்கின்றன.

தோடு என்னாயிற்று என்று தயங்கித் தயங்கிக் கேட்டேன். அது வரும்போது வரட்டும். இதில் என்ன எழுதியிருக்கிறது என்று எங்களுக்கும் படித்துச் சொல் என்றார் அக்கா.

அந்த இருபத்தொன்பதில் ஒன்று, இந்தியாவின் அயலுறவு பற்றிய நூல். 1964 அக்டோபர் 30-இல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட உடன்படிக்கை அதில் இருந்தது. அன்றிரவு அப்பாயிக்கும் அக்காவுக்கும் அதைத் தமிழில் சொன்னேன். 1948-இல் இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டத்தால், இலங்கைத் தோட்டத் தமிழர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள். உடன்படிக்கையில் எண்ணப்பட்டோர் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு. 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974-இல் பாதி பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த 5,25,000 பேரில் அப்பாயியும் ஒருவர் என்றேன்.

அப்பாயி நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, கையெழுத்துப் போடுமுன் எங்கள் தோட்டத்துக்கு யாராவது வந்து எங்களைக் கேட்டார்களா என்று அந்தப் புத்தகத்தில் எழுதியிருக்கிறதா என்றார். இல்லை என்றேன். தகரப் பெட்டியைத் திறந்து, குடும்ப அட்டையை எடுத்து, இதையும் அந்தப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள் என்று என்னிடம் கொடுத்துவிட்டார்.

நண்பர்களே! பேராசிரியப் பெருமக்களே! போரையும் உடன்படிக்கையையும் பற்றிய நூல்கள் பெரும்பாலும் ஆண்டவர்களால் ஆண்டவர்களுக்காக எழுதப்பட்டவை. அவற்றில் நம்மைப் போன்றவர்கள் எண்ணாக மட்டுமே வருகிறோம். அந்த எண்ணுக்குள் இருந்து ஒருவர் எழுந்து வந்து புத்தகத்தைப் புரட்டும்போதுதான் கேள்வி பிறக்கிறது. அண்ணல் அந்தப் பக்கங்களைப் பழைய கடைகளில் தேடினார், கடலில் இழந்தார், மறுபடியும் தேடினார், படித்ததைத் தம் மக்களின் வழக்கில் சான்றாக வைத்தார்.

எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. உங்கள் வீட்டில் பழைய புத்தகம் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். விடுதியில் ஓர் அலமாரி ஒதுக்கித் தருமாறு காப்பாளரிடம் கேட்டிருக்கிறேன். என்னிடமுள்ள 44 நூல்களும் அங்கே வரும். அவற்றில் சிலவற்றில் ஓவேலி அடுப்பின் புகை மணக்கும். பொறுத்துக்கொண்டு படியுங்கள்.

அக்காவின் தோட்டை மீட்க, சனிக்கிழமைகளில் ஒரு கடையில் கணக்கெழுதுகிறேன். இன்னும் இரண்டு மாதத்தில் மீண்டுவிடும். அதன்பிறகுதான் நாற்பத்தைந்தாவது புத்தகம்.